டிஸ்சார்ஜ் எழுதி 74 நாள். குழந்தை இன்னும் மனநல வார்டில்

கார்குழலி – ஞாயிறு, இரவு 9.40

நண்பர்களுக்கு வணக்கம். விசா, பள்ளி, வீட்டுக் கடன் என்று இந்தக் குழுமத்தில் எத்தனையோ பேசியிருக்கிறோம். இன்று வேறொன்றை எழுதுகிறேன். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றில் வசிக்கிறேன். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசின் பொறுப்பில் இருக்கும் குழந்தைகளுக்காக நீதிமன்றம் தன்னார்வலர்களை நியமிக்கிறது. 'காசா' என்று இங்கே சொல்வார்கள். மூன்று ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்கிறேன். மாதம் ஒருமுறையாவது குழந்தையை நேரில் பார்க்க வேண்டும். ஆசிரியர், மருத்துவர், வளர்ப்புப் பெற்றோர் (அரசுக்காகக் குழந்தையைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள்) எல்லோரிடமும் பேச வேண்டும். நீதிபதிக்கு அறிக்கை எழுத வேண்டும். குழந்தையின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்பதால் மாநிலம், ஊர், மருத்துவமனை எதையும் சொல்லமாட்டேன். சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். குழந்தையை இங்கே சிட்டு என்று கூப்பிடுகிறேன். பத்து வயது.

"இவளுக்கு இனி மருத்துவமனை தேவையில்லை" என்று சிட்டுவின் மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்டு இன்றோடு 74 நாள். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். போவதற்கு இடம் இல்லை.

அந்த வார்டில் ஷூவுக்கு லேஸ் கிடையாது. நாடா வைத்த கால்சட்டை கிடையாது. பென்சிலை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறார்கள். தற்கொலை எண்ணத்தோடு வரும் பிள்ளைகளுக்கு அதெல்லாம் தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் சிட்டு, அடியில் ரப்பர் புள்ளி வைத்த மருத்துவமனைக் காலுறையோடு இரண்டரை மாதமாக நடக்கிறாள். பாடம் என்பது காலையில் ஒரு மணி நேரம், நகலெடுத்த தாள்கள். ஜன்னல் இருக்கிறது, திறக்காது.

மற்ற பிள்ளைகள் ஏழெட்டு நாளில் போய்விடுவார்கள். சிட்டுவின் அறைக்கு இதுவரை பதினொரு பேர் வந்து போயிருக்கிறார்கள். சென்ற மாதம் நான் போனபோது, அன்று காலையில் சேர்ந்த ஒரு சிறுமிக்கு அவள் வார்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். எந்த நர்ஸிடம் கேட்டால் இரண்டாவது ஜூஸ் கிடைக்கும், எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வண்டி நிறுத்தும் இடம் தெரியும், போன் பேச எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் காட்டுவது போலக் காட்டினாள். ஒரு வாரம் கழித்து அந்தச் சிறுமியை அவள் அம்மா வந்து கூட்டிப் போய்விட்டார்.

இது ஏதோ ஒரு குழந்தைக்கு நேர்ந்த விபத்து என்று நினைத்துவிடாதீர்கள். இல்லினாய்ஸில் இதற்கென்று ஒரு நிர்வாகச் சொல்லே இருக்கிறது: 'மருத்துவத் தேவைக்கு அப்பால்'. 2015 முதல் 2017 வரையிலான மூன்றே ஆண்டுகளில் அந்த மாநிலத்தின் பொறுப்பில் இருந்த பிள்ளைகள் தேவையே இல்லாமல் மனநல மருத்துவமனைகளில் கழித்த நாட்களைக் கூட்டினால் 27,000க்கும் மேல் வருகிறது. 2018இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் வெளியிட்ட கணக்கு இது. 1991இலேயே அந்த மாநிலத்தின் குழந்தைகள் நலத்துறை, நிலைமையைச் சீர்செய்வதாக ஒத்துக்கொண்டு, நீதிமன்றத்தில் ஓர் ஒப்புதல் ஆணைக்குக் கட்டுப்பட்டது. அதற்குப் பிறகும் நிலைமை இதுதான். 2022 ஜனவரியில் சிகாகோ அடங்கிய குக் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) சிறார் நீதிபதி துறையின் இயக்குநரை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று அறிவித்து, நாளொன்றுக்கு 1,000 டாலர் அபராதம் விதித்தார். மருத்துவமனையில் மாதக்கணக்காக முடங்கியிருந்த ஒன்பது வயதுச் சிறுமியின் வழக்கு அதில் ஒன்று. அந்த ஆண்டிலேயே பத்துக்கும் மேற்பட்ட முறை இப்படி உத்தரவு வந்தது. மேல்முறையீட்டில் அவை ரத்தாகிவிட்டன.

நம்மவர்களில் யாராவது வளர்ப்புப் பெற்றோராக இருந்திருக்கிறீர்களா? மருத்துவமனையில் வேலை செய்து இதைப் பார்த்தவர்கள் உண்டா? எழுதுங்கள். வியாழக்கிழமை நீதிமன்றத்தில் நான் பேச வேண்டும்.


தென்காசி மைந்தன் – ஞாயிறு, இரவு 10.15

அம்மா, படித்துவிட்டு மனம் கனத்துப்போனது. புரியாததைக் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். வளர்ப்புக் குடும்பம் என்று ஒன்று இருந்துதானே அவளை மருத்துவமனையில் சேர்த்திருப்பார்கள்? குணமானதும் அவர்கள் ஏன் திரும்பக் கூட்டிப் போகவில்லை?


கார்குழலி – ஞாயிறு, இரவு 10.50

தவறாக எண்ண ஒன்றுமில்லை தம்பி, எல்லாமே அந்த இடத்தில்தான் முறிகிறது.

வளர்ப்பு வீடு என்பது அவள் வீடு அல்ல. அரசோடு செய்துகொண்ட ஓர் ஏற்பாடு. குழந்தை கத்துகிறாள், பொருளை உடைக்கிறாள், ஓடிப்போகிறாள் என்றால் அந்தக் குடும்பம் "எங்களால் முடியாது" என்று சொல்லலாம். பெரும்பாலும் நெருக்கடி வரும் இரவில் அதைச் சொல்கிறார்கள். குழந்தை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறாள், அங்கிருந்து மனநல வார்டுக்கு. அவள் வார்டில் கிடக்கும் பத்து நாளில் பழைய வீட்டில் அவளுடைய கட்டிலுக்கு வேறொரு குழந்தை வந்துவிடும். சிட்டுவின் துணிமணிகள் இரண்டு கறுப்புக் குப்பைப் பைகளில் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன. இந்த நாட்டில் வளர்ப்புப் பிள்ளைகள் பலருக்கும் பெட்டி என்பது அந்தக் குப்பைப் பைதான்.

பிறகு கேஸ் ஒர்க்கர், அதாவது குழந்தையின் வழக்கைக் கவனிக்கும் துறை ஊழியர், இடம் தேடுகிறார். குழந்தையின் கோப்பைப் பல இல்லங்களுக்கும் (இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துத் தங்கவைத்துப் பார்க்கும் நிறுவனங்கள்) அனுப்புகிறார். முதல் பக்கத்திலேயே 'மனநல மருத்துவமனையில் உள்நோயாளி' என்று இருக்கும். சிட்டுவின் கோப்பு இதுவரை 31 இடங்களுக்குப் போயிருக்கிறது. 22 இடங்கள் மறுத்துவிட்டன, மற்றவை பதிலே தரவில்லை.


முன்னாள் செவிலி – திங்கள், காலை 6.20

குழந்தைகள் மனநலப் பிரிவில் 19 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வார்டைப் பகையாகப் பார்க்காதீர்கள். தன்னையே மாய்த்துக்கொள்ளத் துணிந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஐந்து நாள் பாதுகாத்து, தூங்கவைத்து, சாப்பிடவைத்து அனுப்பியிருக்கிறோம். வார்டு இல்லையென்றால் அவர்களில் சிலர் இன்று இல்லை.

ஆனால் வார்டு ஐந்து நாளுக்கும் பத்து நாளுக்கும் கட்டியது. குணமான பிள்ளையை அங்கே வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதல் மூன்று வாரம் சமர்த்தாக இருப்பார்கள். "எப்போது போவேன்?" என்று தினமும் கேட்பார்கள். எங்களிடம் பதில் இருக்காது. ஒருநாள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். அந்த நாள்தான் எனக்குப் பயம். அதன் பிறகு ஏதாவது சின்ன விஷயத்துக்கு, காலை உணவில் தோசை போல இருக்குமே பான்கேக், அது தீர்ந்துவிட்டது என்பதற்கு, தட்டு பறக்கும். உடனே ஊசி, அல்லது தனியறை. நாங்கள் அதைக் கோப்பில் எழுதியாக வேண்டும்: 'ஆக்ரோஷமான நடத்தை'. மறுநாள் அந்தப் பக்கம் இல்லங்களுக்கெல்லாம் போகும். இல்லங்கள் மறுக்கும். மறுத்ததால் இன்னும் ஒரு மாதம். அந்த மாதத்தில் இன்னும் இரண்டு தட்டு.

வந்தபோது இல்லாத நோயை நாங்களே உண்டாக்கி, அதற்கு நாங்களே மருந்து கொடுத்திருக்கிறோம். என் கையால் கொடுத்திருக்கிறேன்.

மருந்து என்றதும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2011இல் ஐந்து மாநிலங்களைப் பார்த்தது. மெடிகெய்ட் என்ற, வசதி குறைந்தவர்களுக்கான ஒரே அரசுக் காப்பீட்டில் இருக்கும் மற்ற குழந்தைகளைவிட வளர்ப்புப் பிள்ளைகளுக்கு மனநல மருந்துகள் 2.7 முதல் 4.5 மடங்கு வரை அதிகமாகத் தரப்பட்டிருந்தன. அவர்கள் பட்டது அதிகம், அதனால் மருந்தும் அதிகம் என்று சொல்லலாம். ஓரளவு உண்மையும்கூட. ஆனால் மருந்து எழுத பத்து நிமிடம் போதும். ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்.


பெயர் வேண்டாம் – திங்கள், இரவு 11.35

இரண்டு நாளாகப் படிக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

"எங்களால் முடியாது" என்று சொன்ன குடும்பம் நாங்கள்.

தெற்கில் ஒரு மாநிலம். உரிமம் வாங்கி, 30 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி எடுத்து, ஆசையாகத்தான் ஆரம்பித்தோம். பதினொரு வயதுப் பையன் வந்தான். ஏழு மாதம் இருந்தான். டைனோசர் பெயர்கள் அத்தனையும் தெரியும். ரசம் சாதம் பிடிக்கும், "சிவப்பு சூப்" என்பான். பகலில் தங்கமான பிள்ளை. இரவில் தூங்க மாட்டான். யாராவது அறைக் கதவை மூடினால் போதும், சுவரில் தலையை முட்டுவான். அவன் வாழ்க்கையில் மூடிய கதவுக்கு என்ன பொருள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கோப்பில் இருந்திருக்கிறது, எங்களுக்குக் காட்டவில்லை.

ஒருநாள் இரவு இரண்டு மணிக்குச் சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டான். எங்களுக்கு அப்போது மூன்று வயதில் ஒரு மகள். நெருக்கடிக்கு அழைக்கச் சொன்ன எண்ணுக்கு அழைத்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்தேன். "அவசர சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள், அல்லது போலீஸை அழையுங்கள்" என்றார்கள். கணவர் கூட்டிப் போனார். பத்தாம் நாள் வந்து அழைத்துப் போகச் சொன்னார்கள். இரவில் யாராவது வந்து உதவுவார்களா என்று கேட்டேன். இல்லை. மாதத்தில் இரண்டு நாளாவது வேறு யாராவது பார்த்துக்கொள்வார்களா? பட்டியலில் பெயர் போடுகிறோம் என்றார்கள். நான் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவன் டைனோசர் புத்தகம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அவன் அதன் பிறகு ஆறு வாரம் மருத்துவமனையில் இருந்தான் என்றும், வேறு மாநிலத்தில் ஓர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் பின்னால் தெரிந்தது. சிட்டுவைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.


வேல்முருகன் – செவ்வாய், காலை 7.05

சகோதரி, உங்களைப் புண்படுத்த எழுதவில்லை. ஆனாலும் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். அவன் நீங்கள் பெற்ற பிள்ளையாக இருந்திருந்தால், கத்தியை எடுத்தான் என்பதற்காக மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்திருப்பீர்களா? நம்பி வந்தவனைக் கைவிடலாகாது என்றுதானே நம்மை வளர்த்தார்கள்.


கார்குழலி – செவ்வாய், காலை 8.30

வேல்முருகன் ஐயா, உங்கள் கோபம் அந்தப் பையன்மீதுள்ள பரிவால் வருகிறது என்று புரிகிறது. ஆனால் கேள்விக்கு விடை இருக்கிறது, கேளுங்கள்.

பெற்ற பிள்ளையையும் விட்டிருக்கிறார்கள். 2001ஆம் நிதியாண்டில் மட்டும் அமெரிக்காவில் 12,700க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றோர் குழந்தைகள் நலத்துறையிடமோ சிறார் நீதித்துறையிடமோ ஒப்படைத்தார்கள். காரணம் ஒன்றுதான்: மனநல சிகிச்சை கிடைக்க வேறு வழி தெரியவில்லை. அதே தணிக்கை அலுவலகம் 2003இல் சொன்னது இது. அதுவும் 19 மாநிலங்களின் அதிகாரிகளும் 30 கவுண்டிகளின் அதிகாரிகளும் கொடுத்த கணக்கு மட்டுமே. பெரிய மாநிலங்கள் பலவற்றிடம் கணக்கே இல்லை. தனியார் காப்பீடு முப்பது நாளோடு கையை விரித்துவிடும், நீண்ட சிகிச்சைக்கு அரசின் பிள்ளையாக இருந்தால்தான் பணம் வரும் என்ற நிலையில், தாய் தகப்பன் மருத்துவமனை வாசலில் "கூட்டிப் போக மாட்டோம்" என்று சொல்லி, கைவிட்டவர்கள் என்ற பழியை எழுத்தில் ஏற்றுக்கொண்டார்கள். இல்லினாய்ஸ் இதைத் தடுக்கவே 2015இல் தனிச்சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

இரவு இரண்டு மணிக்கு நாற்பது நிமிடம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவரை நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். பெயர் வேண்டாம் அக்கா, எழுதியதற்கு நன்றி. நீங்கள் எழுதியதில் ஒரு வரியை, யார் என்று சொல்லாமல், வியாழக்கிழமை நீதிமன்றத்தில் பயன்படுத்தலாமா? மூடிய கதவைப் பற்றிய வரி.


பெயர் வேண்டாம் – செவ்வாய், காலை 9.10

பயன்படுத்துங்கள்.


வேல்முருகன் – செவ்வாய், நண்பகல் 12.40

எனக்கு இது தெரியாது. சகோதரி, மன்னித்துவிடுங்கள்.


ஓலைச்சுவடி – செவ்வாய், இரவு 8.20

இலவச சட்ட உதவி அமைப்பில் வேலை செய்பவன். வியாழனுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

கார்குழலி அக்கா, 'இடம் இல்லை' என்று துறை சொன்னால், அதைப் பஞ்சம், வெள்ளம் போல இயற்கையாக வந்த குறை என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். மெடிகெய்ட் சட்டத்தில் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மருத்துவ ரீதியாகத் தேவையான சிகிச்சை அனைத்தையும் மாநிலம் ஏற்பாடு செய்தாக வேண்டும் என்று இருக்கிறது. வளர்ப்புப் பிள்ளைகள் கிட்டத்தட்ட அனைவரும் மெடிகெய்டில் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து செய்யும் தீவிர சிகிச்சையும் அந்த 'அனைத்து'க்குள் அடங்கும். மாசசூசெட்ஸில் ரோசி டி. வழக்கில் 2006இல் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. கலிபோர்னியாவில் கேட்டி ஏ. வழக்கு, வளர்ப்புப் பிள்ளைகளுக்காகவே நடந்தது, 2011இல் உடன்பாட்டில் முடிந்தது. அதற்கெல்லாம் முன்னால் 1999இல் உச்ச நீதிமன்றம் ஓம்ஸ்டெட் வழக்கில், சமூகத்தில் வாழத் தகுதி உள்ளவர் என்று மருத்துவர்களே சொன்ன ஒருவரைத் தேவையின்றி நிறுவனத்தில் வைத்திருப்பது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. சிட்டுவின் மருத்துவர் கையெழுத்திட்ட தாள் அதனால்தான் முக்கியம். அதன் நகலை அறிக்கையோடு இணையுங்கள். தேதியைப் பெரிதாகக் காட்டுங்கள்.

செய்ய முடியாத காரியம் என்பார்கள். மில்வாக்கியில் 1990களின் நடுவில் ஒரு சோதனை செய்தார்கள். இல்லங்களில் இருந்த, வெளியே அனுப்பும் திட்டமே இல்லாத 25 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஒருங்கிணைப்பாளர். அந்தக் குடும்பத்துக்கு என்ன தேவையோ அதற்குச் செலவு செய்யும் உரிமை. நெருக்கடியில் வீட்டுக்கே வரும் குழு. 90 நாளில் 17 பேர் வீட்டுக்கோ வளர்ப்புக் குடும்பத்துக்கோ போய்விட்டார்கள். படுக்கைக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தைத்தான் திருப்பிவிட்டார்கள்.

மறுபக்கம், படுக்கையே தொழிலானால் என்ன ஆகும் என்பதும் நாம் பார்த்ததுதான். மிச்சிகனில் கலமசூ நகரத்தில் லாபநோக்கு நிறுவனம் ஒன்று நடத்திய இல்லத்தில், 2020 ஏப்ரலில், அரசின் பொறுப்பில் இருந்த 16 வயதுப் பையன் சாப்பாட்டுக் கூடத்தில் ரொட்டித் துண்டை வீசினான். பணியாளர்கள் பலர் சேர்ந்து அவனைத் தரையில் அழுத்திப் பிடித்தார்கள், ஏறத்தாழ 12 நிமிடம். இரண்டு நாள் கழித்து இறந்துபோனான். மூச்சடைத்துச் செத்தான், இது கொலை என்று மருத்துவ அறிக்கை சொன்னது. ரொட்டித் துண்டுக்காக ஓர் உயிர். இன்றும் இதைத் தட்டச்சு செய்யும்போது கை நடுங்குகிறது.

அதன் பிறகு செனட் நிதிக்குழு இப்படிப்பட்ட இல்லங்களை நடத்தும் நான்கு பெரிய நிறுவனங்களை இரண்டு ஆண்டுகள் விசாரித்து 2024 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. படுக்கைகளை நிரப்பி வைத்து, ஆள் செலவைக் குறைத்து லாபம் பார்ப்பதும், பிள்ளைகள் அடிபடுவதும் ஒரே ஏற்பாட்டின் விளைவுகள் என்பது அதன் சாரம். பெரும்பகுதிப் பணம் மக்களின் வரிப்பணம்.


இரவுப் பணியாளன் – புதன், அதிகாலை 1.50

மேலே எழுதியவர் சொன்ன 'ஆள் செலவு' நான்.

மேற்படிப்புக் காலத்தில் ஒன்றரை ஆண்டு ஓர் இல்லத்தில் இரவுப் பணி செய்தேன். பயிற்சி ஒரு வாரம், அதில் இரண்டு நாள் எப்படிக் கட்டிப்பிடித்துக் கீழே இறக்குவது என்பது. 14 பையன்களுக்கு இரவில் நாங்கள் இருவர். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு அறைக்கும் போய், மூச்சு விடுகிறானா, தூங்குகிறானா என்று பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். ஒருவன் கத்த ஆரம்பித்தால் இருவரும் அங்கே போய்விடுவோம். மற்ற 13 பேரையும் யாரும் பார்க்க மாட்டார்கள். விடிவதற்கு முன்னால் விட்டுப்போன கட்டங்களையெல்லாம் உட்கார்ந்து நிரப்புவோம். 2.15 தூக்கம். 2.30 தூக்கம். 2.45 தூக்கம். நான் நிரப்பியிருக்கிறேன். மேலாளர் சொன்னார் என்பது உண்மை. பேனா பிடித்தது என் கை என்பதும் உண்மை.

அங்கே 'படிநிலை' என்று ஒன்று உண்டு. நல்ல நடத்தைக்குப் புள்ளிகள். முதல் படியில் இருப்பவனுக்கு வாரத்துக்கு ஒரு போன் அழைப்பு, அதுவும் பத்து நிமிடம். மூன்றாம் படிக்குப் போனால் வெளியே நடக்கலாம். தன் தங்கையோடு பேசுவதற்குப் புள்ளி சேர்த்துக்கொண்டிருந்த ஒரு பையனை நினைத்துக்கொள்கிறேன். தங்கை வேறொரு வளர்ப்பு வீட்டில் இருந்தாள். புதன்கிழமை இரவு புள்ளி போதவில்லை என்று தெரிந்ததும் அவன் அழவில்லை. "அவள் எண்ணை மாற்றிவிடுவார்கள், அதற்குள் எனக்குப் புள்ளி வந்துவிட வேண்டும்" என்றான்.


இளந்தென்றல், சென்னை – புதன், காலை 10.00

உளவியல் முதுகலை மாணவி. இதைப் படித்துவிட்டு, இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ஐ எடுத்துப் பார்த்தேன். 87ஆம் பிரிவில், மைனர் பிள்ளையை மனநல மருத்துவமனையில் சேர்த்தால் அவருடைய நியமனப் பிரதிநிதியோ அவர் அமர்த்திய ஆளோ முழு நாட்களும் உடன் இருந்தாக வேண்டும் என்று இருக்கிறது. 30 நாள் தாண்டினால் உடனே மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறை வேறு என்பதை நான் அறிவேன். ஆனால் சட்டத்தில் 'உடன் ஒருவர்' என்ற சொல்லைப் பார்த்ததும் உங்கள் சிட்டுதான் நினைவுக்கு வந்தாள். அவளோடு இரவில் யார் இருக்கிறார்கள்?

இன்னொரு கேள்வி. ருமேனியாவில் புக்கரெஸ்ட் ஆய்வைப் பாடத்தில் படித்தோம். நிறுவனங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள், குறிப்பாக இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள், நன்றாகத் தேறினார்கள். அப்படியானால் இந்த இல்லங்களையெல்லாம் மூடிவிட வேண்டியதுதானே?


கார்குழலி – புதன், நண்பகல் 12.15

இரவில் யாரும் இல்லை அம்மா. கதவருகே ஒரு பணியாளர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், ஒவ்வொரு இரவும் வேறொருவர். இந்தக் கேள்வியை இதுவரை நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.


முன்னாள் செவிலி – புதன், மாலை 5.45

இளந்தென்றல் கண்ணு, மூடுவது சுலபம். மூடிய பிறகு அந்தப் பிள்ளை இன்றிரவு எங்கே படுக்கும் என்ற கேள்வி இருக்கிறதே. இல்லினாய்ஸில் அதுதான் நடந்தது. நூற்றுக்கணக்கான இல்லப் படுக்கைகளைக் குறைத்தார்கள், அதற்கு ஈடாகப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களை உருவாக்குவோம் என்றார்கள். படுக்கைகள் போய்விட்டன, குடும்பங்கள் வரவில்லை. பிள்ளைகள் மருத்துவமனையிலேயே தேங்கினார்கள். டெக்சஸில் அலுவலகத்திலும் விடுதி அறைகளிலும் படுத்தார்கள். 2018இல் வந்த மத்திய சட்டம், குழந்தையைக் குழு இல்லத்தில் வைத்தால் இரண்டு வாரத்துக்கு மேல் மத்திய நிதி கிடையாது, தகுதி பெற்ற சிகிச்சை இல்லம் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு என்றது. நோக்கம் நல்லது. ஆனால் அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் முன் இந்தப் பக்கம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

ஓரிகன் இதற்குச் சாட்சி. இடமில்லை என்று பிள்ளைகளை வெளிமாநிலங்களுக்கு அனுப்பினார்கள். ஒன்பது வயதுச் சிறுமியை மொன்டானாவுக்கு அனுப்பி, அங்கே அவளை அடக்க மயக்கம் தரும் ஒவ்வாமை மருந்தை ஊசியாகப் போட்டார்கள். 2019இல் ஒரு மாநில செனட்டர் விடாமல் கேள்வி கேட்டதால் வெளியே வந்தது. அடுத்த ஆண்டுக்குள் அத்தனை பிள்ளைகளையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். யாராவது பெயர் சொல்லி, எண்ணிக்கை சொல்லி, விடாமல் கேட்டால் நடக்கிறது. கார்குழலி, நீங்கள் நாளைக்கு 31 இடங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்த இடம், எந்தத் தேதி, என்ன காரணம் என்று பட்டியலாகக் கொடுங்கள்.


கார்குழலி – வியாழன், இரவு 10.30

போய்விட்டு வந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன், களைத்திருக்கிறேன்.

மருத்துவரின் தாளை முதல் பக்கமாக வைத்தேன். 31 இடங்களின் பட்டியலை வைத்தேன். அதைத் தயாரிக்கும்போதுதான் ஒன்று தெரிந்தது: 31இல் வளர்ப்புக் குடும்பங்கள் நான்குதான், மற்ற 27ம் இல்லங்கள். அவளுக்குக் குடும்பத்தைப் பெரிதாகத் தேடவே இல்லை. நீதிபதி அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துறையின் வழக்கறிஞரைப் பார்த்து, "ஏன்?" என்று கேட்டார். பதில் இல்லை. 14 நாளில் குடும்பத் தேடல் பற்றி எழுத்துமூலம் விளக்கமும், வாரம் ஒருமுறை அறிக்கையும் தரச் சொன்னார். குடும்பம் கிடைத்தால் வீட்டுக்கே வரும் நெருக்கடிக் குழுவை முன்கூட்டியே ஏற்பாடு செய்யச் சொன்னார். மூடிய கதவைப் பற்றிய வரியைப் படித்தேன் அக்கா. கூடம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.


கார்குழலி – பதினேழு நாள் கழித்து, ஞாயிறு, இரவு 9.05

ஒரு குடும்பம் முன்வந்திருக்கிறது. காரில் மூன்று மணி நேரத் தூரம். ஓய்வுபெற்ற சிறப்புப் பள்ளி ஆசிரியை, அவருடைய கணவர். வளர்ந்த பிள்ளைகள் வெளியூரில். கோப்பு முழுவதையும் கேட்டு வாங்கி, இரண்டு நாள் எடுத்துப் படித்தார். பிறகு வார்டுக்கு வந்து சிட்டுவைப் பார்த்தார். நானும் இருந்தேன்.

சிட்டு அவரிடம் கேட்டது இரண்டு கேள்விகள். "உங்கள் வீட்டில் ஜன்னல் திறக்குமா?" திறக்கும், கொசுவலை இருக்கிறது என்றார். "நான் ஏதாவது உடைத்தால் எத்தனை நாளில் திருப்பி அனுப்புவீர்கள்?"

அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உடைத்ததை எப்படி ஒட்டுவது என்று என் கணவருக்கு நன்றாகத் தெரியும்" என்றார். சிட்டு நம்பினாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு அவரை அழைத்துப்போய் அந்த நாற்காலியைக் காட்டினாள், வண்டி நிறுத்தும் இடம் தெரியுமே, அதை.

புதன்கிழமை மாற்றுகிறார்கள். 98ஆம் நாள். லேஸ் வைத்த ஷூ வாங்கி வைத்திருக்கிறேன். அளவு மாறியிருக்கிறது, காலும் வளர்ந்துவிட்டது. நெருக்கடிக் குழுவுக்கு இன்னும் ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை; அதை விடமாட்டேன்.

பெயர் வேண்டாம் அக்கா, அந்த டைனோசர் புத்தகத்தை அந்தப் பையனுக்கு அனுப்பி வைக்க முடியுமா என்று பாருங்கள்.


பெயர் வேண்டாம் – திங்கள், மாலை 6.15

முகவரியைத் தர மறுத்துவிட்டார்கள், விதி அப்படி. பழைய கேஸ் ஒர்க்கர் இன்று நேரில் வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். உள்ளே ஒரு கடிதம் வைத்தேன். அதைப் பிரித்துப் படித்த பிறகுதான் கொடுப்பார்களாம். படிக்கட்டும்.